எங்கே கிடைத்தது? தொல்பொருள் கிடைத்த இடத்தைக் குறித்துவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் கொடுத்தார். முக்கால் பாட்டிலுக்கு மணிகள். சூதுபவளம், பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி, சுடுமண் என்று எல்லாம் கலந்து கிடந்தன. மழை ஓய்ந்த மறுநாள் மேட்டுக்குப் போனால் கழுவி வைத்ததுபோல் மின்னுமாம். நாற்பது வருடமாகப் பொறுக்கியிருக்கிறார். "மூணு ஊர்ல எடுத்தது தம்பி" என்றார். எது எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டேன். பாட்டிலை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அது யாருக்கு ஞாபகம்?" என்று சிரித்தார்.

அந்த மூன்று ஊர்களில் ஒன்றில் மணி செய்யும் பட்டறை இருந்திருக்கலாம். இன்னொன்று வெறும் இடுகாடாக இருந்திருக்கலாம். இனி அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல வழியில்லை.

பழம்பொருள் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை வருஷம் பழசு?", "என்ன விலை போகும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, அது எங்கே கிடைத்தது என்று தெரிந்தாக வேண்டும். அதையொட்டித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

பொருள்தான் கையில் இருக்கிறதே, இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010இல் அங்கே அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழிக்குள் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று இருந்தது. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே குழியில் பானையை உருளாமல் நிறுத்திவைக்கும் மண் பிரிமனை ஒன்றும் இருந்தது. அதில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் (தமிழ் பிராமி) 'வய்ர' என்று கீறியிருந்தார்கள்.

நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு (உயிரோடிருந்த பொருளில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை) அனுப்பியதில் கி.மு. 490 என்று வந்தது. பிரிமனையில் கீறிய எழுத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்ப முடியாது, நெல்லை அனுப்பலாம். இரண்டும் ஒரே குழிக்குள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன என்று பதிவு இருப்பதால்தான் நெல்லின் வயதை எழுத்துக்கும் சொல்ல முடிகிறது.

இதையே கொஞ்சம் மாற்றி நினைத்துப் பாருங்கள். ஜேசிபி அந்தக் குழியைக் கிளறுகிறது. ஜாடி ஒருவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறது, பிரிமனை பழைய சாமான் கடைக்குப் போகிறது, நெல் மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறிவிடுகிறது. ஜாடியும் பிரிமனையும் கீறல்கூட விழாமல் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் கி.மு. 490 என்ற செய்தி உலகத்தில் இருக்காது.

ஊர்ப்பெயரைக் குறித்தால் போதாதா?

போதாது. ஊர்ப்பெயர்கூட இல்லாததற்கு அது எவ்வளவோ மேல், அவ்வளவுதான். ஊருக்குள் எந்த இடம், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், கூட என்னென்ன கிடந்தன என்பதெல்லாம் வேண்டும்.

ஆழமும் அடுக்கும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 200 வருடத்துக்கு முன்பு ஒருவர் தன் கொல்லையில் 2 மீட்டர் ஆழத்துக்குக் குப்பைக்குழி வெட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் கிடக்கும் உடைந்த சட்டிக்கு வயது 200. குழியை ஒட்டினாற்போல, யாரும் வெட்டாத மண்ணில், அதே 2 மீட்டரில் கிடக்கும் பானை ஓட்டுக்கு வயது 2000 இருக்கலாம். டேப் பிடித்து அளந்தால் இரண்டும் ஒரே ஆழம்தான். மண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். குழிக்குள் இருக்கும் மண் சாம்பல் கலந்து பொலபொலவென்று இருக்கும். வெளியே இருப்பது இறுகி, வேறு நிறத்தில் இருக்கும். அந்த விளிம்பைக் கண்ணால் பிடிப்பதுதான் அகழாய்வில் பாதி வேலை. அகழாய்வுக் குழிகளுக்கு நடுவே வெட்டாமல் மண்சுவர் விட்டுவைப்பதும் அதற்காகத்தான். அந்தச் சுவரில் அடுக்குகள் கோடு போட்டதுபோல் தெரியும்.

கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 2017-18இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்கு கி.மு. 205 என்றும் காலம் கிடைத்தது. 2019இல் அறிக்கை வந்தபோது ஊரெல்லாம் 'கி.மு. 6ஆம் நூற்றாண்டு' என்று பேசினோம். 353 என்ற எண்ணை யாரும் பேசவில்லை. ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் இந்த நூற்றாண்டு எந்த ஓட்டுக்குச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் கொடுத்த அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025இல் கேட்டது நினைவிருக்கும். கேட்டவற்றில் ஒன்று, காலக்கணிப்புகளுக்கு ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது, அடுக்கு எண்ணையும் குறிக்க வேண்டும் என்பது. மண்ணடுக்குகளின் அடிப்படையில்தான் காலத்தை வகுத்திருக்கிறேன் என்று சொல்லி அவர் திருத்த மறுத்தார். அதன் அரசியல் ஒருபக்கம் இருக்கட்டும். 'மண்ணடுக்கு' என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

குறித்துவைப்பவரே தப்பாகப் புரிந்துகொண்டால்?

நல்ல கேள்வி. இதற்கு அரிக்கமேட்டைத்தான் சொல்வேன்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஒரு அலமாரியில் மத்தியதரைக்கடல் பகுதி மதுச்சாடியின் துண்டு ஒன்றைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதும் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேடு என்று தெரிந்தது. அந்தத் துண்டோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவர் ரயிலேறினார். புதுச்சேரியில் இன்னும் பெரிய ஆச்சரியம்: பிரெஞ்சுக்காரர்கள் அதே மேட்டில் எடுத்துவைத்திருந்த ஓடுகளில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்பு ஓடுகள் இருந்தன. செய்தவர் முத்திரை குத்திய 'அரெட்டைன்' வகை. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும்.

1945இல் வீலர் அரிக்கமேட்டில் அடுக்கு அடுக்காகத் தோண்டினார். அரெட்டைன் ஓடு எந்த அடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் கிடக்கும் நம்மூர்ப் பானைக்கும் அந்தக் காலம். உள்பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளிவரி ஓடும் ரூலெட்டட் வகை ஓட்டுக்கு இப்படித்தான் ஒரு காலம் கிடைத்தது. பிறகு அந்த ஓடு கிடைத்த மற்ற ஊர்களுக்கும் அதைக் கொண்டு காலம் சொன்னார்கள். அதுவரை தென்னிந்தியத் தொல்லியலுக்குப் பிடித்துக்கொள்ள இப்படி ஓர் ஆணி கிடையாது.

ஆனால் வீலர் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. ரூலெட்டட் ஓட்டின் தொடக்கத்தை அவர் பிந்தி வைத்துவிட்டார். 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி, வீலரும் அவருக்குப் பின் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும் வெளியிட்ட அடுக்குப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அரெட்டைன் ஓடு வந்து சேர்வதற்கு முன்பே ரூலெட்டட் ஓடு அங்கே புழங்கியிருக்கிறது என்று காட்டினார். 1989 முதல் 1992 வரை அவர் குழு அரிக்கமேட்டில் மீண்டும் தோண்டவும் செய்தது. ஆக, வீலரின் தப்பைப் பிடித்துக்கொடுத்தது வீலர் போட்ட கோடுகள்தான். ஒழுங்காகக் குறிக்காதவர் தப்புச் செய்திருந்தால் அது தப்பென்றே நமக்குத் தெரிந்திருக்காது.

வயலில் மேலாகக் கிடக்கும் ஓடு ஏர் பட்டு இடம் மாறியதுதானே? அதற்கும் குறிப்பு வேண்டுமா?

வேண்டும். மேற்பரப்பில் கிடப்பதற்கு அடுக்கு போய்விட்டது, இடம் போகவில்லை. ஏர் ஓட்டினால் ஓடு சில மீட்டர் நகரும், பக்கத்து ஊருக்கு நகராது.

1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகத்துக்குச் சொன்ன கைக்கோடரி அது. அவர் நிலவியல் அளவைத் துறைக்காரர். கல்லைக் கண்டால் அது எந்தப் படிவில் கிடந்தது என்று பார்க்கிற பழக்கம் தொழிலோடு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். இடத்தை அவர் எழுதிவைத்ததால் அடுத்தடுத்த தலைமுறையினர் தேடிப்போக முடிந்தது. 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழாய்வு செய்து, அங்குள்ள கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழைமை கொண்டவை என்று 2011இல் அறிவித்தது. ஃபூட் அந்தக் கற்களை 'மெட்ராஸ் பக்கம் கிடைத்தது' என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தால் அத்திரம்பாக்கம் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருப்போமா, சந்தேகம்தான்.

கரூரை எடுத்துக்கொள்ளுங்கள். அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகளுக்கு அடுக்கு என்று எதுவும் இல்லை, வெள்ளம் புரட்டிப்போட்டவை. ஆனாலும் 'கரூர் ஆறு' என்ற ஒரு குறிப்போடு சேரர் காசுகள் ஏராளமாகச் சேர்ந்தபோது, சேரரின் தலைநகரான வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற பழைய சண்டையில் கரூர்க்காரர்கள் கை ஓங்கியது.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கண்மாய் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது காலங்காலமாக நடப்பது. இப்போது வீட்டு மனைக்கும் சாலைக்கும் லாரி லாரியாக மண் போகிறது. எனவே ஓட்டைப் பார்த்ததும் நிலத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இது இங்கத்து மண்தானா, அடிச்ச மண்ணா?" ஒரு முறை புதுமனை ஒன்றில் பழங்காலக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்து உற்சாகமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, அந்த மண் 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்மாயிலிருந்து வந்தது என்றார். ஓடுகள் நிஜம், இடம்தான் பொய். அந்தக் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தோம், கரையோரம் முழுக்க ஓடுகள்.

குழி வெட்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் என்ன செய்வது?

வெட்டுவதை நிறுத்துங்கள். கடினமான பகுதி இதுதான், மற்றதெல்லாம் எளிது. தென்னங்குழியில் தாழியின் (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை) விளிம்பு தெரிந்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விடாமல் இருக்க யாராலும் முடிவதில்லை. கைவிட்டால் எலும்பு நொறுங்கும், உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணங்கள் எது மேலே எது கீழே என்ற வரிசை போய்விடும். அப்புறம் தாழிக்குள் புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை வேறு. பெரும்பாலும் இருப்பது எலும்புத் துண்டும், சிறு மண்கலங்களும், துருப்பிடித்த இரும்பும்தான்.

எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசோ பேனாவோ வைத்து ஒரு படம், அளவு தெரிவதற்கு. பிறகு பத்தடி பின்னால் போய், குழியும் பக்கத்து மரமும் மோட்டார் ரூமும் தெரிகிற மாதிரி ஒரு படம். இந்த இரண்டாவது படத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பொருளின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்த நூறு படங்கள் என் போனில் இருக்கின்றன. அவற்றில் பாதி எந்த ஊர் என்றே சொல்ல முடியாது.

தரை மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம், கூட கரியோ எலும்போ இருந்ததா, மேலே என்ன இருந்தது என்று எழுதுங்கள். சர்வே நம்பரைக் கேட்டு எழுதுங்கள். பின்னால் உட்பிரிவு ஆகி நம்பர் மாறலாம், அதனால் கோயில், கிணறு, கண்மாய் மடை என்று அசையாத ஒன்றிலிருந்து தூரத்தையும் திசையையும் சேர்த்து எழுதுங்கள். ஊரில் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் விடாதீர்கள். ஓட்டுமேடு, சாம்பல்மேடு, பாண்டியன் குழி என்று ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும், அது எந்த மேப்பிலும் இருக்காது.

போன் லொகேஷன் போதுமா?

நல்ல தொடக்கம். மேப் செயலியில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது இலக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் முன்னே பின்னே போய்விடும். திறந்த வெளியிலேயே போன் சில மீட்டர் தப்பாகக் காட்டும், தோப்புக்குள் இன்னும் மோசம். அதனால்தான் 'கிணற்றுக்கு மேற்கே 20 தப்படி' என்ற பழைய முறையையும் விடக்கூடாது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இட விவரம் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது எண்களைத் தனியாக எழுதி அனுப்புங்கள். மூன்று குரூப் தாண்டி வந்த படத்தை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்திருக்கிறேன்.

கழுவித் துடைத்து வைக்கலாமா?

வேண்டாம். புளி போட்டுக் காசைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சிதான், அது எப்படி என்பது கீழே சிலைகள் பற்றிய பதிலில் வருகிறது.

ஏற்கெனவே எடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்ய?

நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். ஊர் வாரியாகத் தனித்தனிக் கவரில் போடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போட்டு, கவரின் மேலேயும் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலங்கிவிடும். உறுதியாகத் தெரியாததை 'அநேகமாக' என்று சேர்த்தே எழுதுங்கள். அப்படி எழுதாமல் ஒரு ஊர்ப்பெயரை அடித்துச் சொல்லிவிட்டால், பின்னால் வருபவர் அதை நம்பி ஒரு வரலாற்றையே கட்டிவிடுவார்.

இடம் சரியாகத் தெரியாத பொருளுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அதோடு ஒரு சந்தேகமும் கூடவே வரும். மயிலாடுதுறைக்கு அருகில் செம்பியன்கண்டியூரில் 2006இல் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டியபோது ஒரு வழவழப்பான கல்கோடரி கிடைத்தது. அதில் சில குறிகள். சிந்துவெளிக் குறிகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார், பெரிய கண்டுபிடிப்பு என்றார். அப்படி இல்லை என்றவர்களும் உண்டு. அந்த ஆசிரியர் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை, கல்லைப் பத்திரப்படுத்தி உரியவர்களிடம் சேர்த்தார், ஊரும் தோட்டமும் தெரியும். தோட்டக்குழி அகழாய்வுக்குழி இல்லை என்பதுதான் சிக்கல். எந்த அடுக்கு, கூட என்ன என்று தெரியாதபோது, குறிகள் கோடரி செய்த காலத்திலேயே போட்டவையா என்று கேட்பவரின் வாயை அடைக்க முடியாது. காவிரி டெல்டாவில் பாறையே கிடையாது, கல் வெளியிலிருந்து வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

யாரிடம் சொல்ல வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் என்றால் வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு, கூடவே மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ. எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

1878இல் வந்த இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது: பொருள் என்ன, எவ்வளவு பெறும், எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது. வெள்ளைக்காரன் கஜானாவை நினைத்துப் போட்ட சட்டம், இடக்குறிப்பையும் கேட்டுவைத்தது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பொருளை அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வேறு. நூறு ஆண்டு கடந்த பொருள்களை, சுவடி போன்றவை என்றால் 75 ஆண்டு கடந்தவற்றை, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது.

சொன்னால் நிலம் போய்விடுமே?

பலர் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். அதைக் கேலி செய்யத் தயாரில்லை, ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று எனக்கும் தெரியும்.

ஒரு பொருள் கிடைத்தது என்று தெரிவிப்பதால் மட்டும் நிலம் அரசுக்குப் போகாது. கீழடியில் தென்னந்தோப்பு உரிமையாளர்களிடம் சம்மதம் வாங்கித்தான் தோண்டினார்கள், ஆய்வு முடிந்த பல குழிகளை மூடிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக மத்திய அரசு அறிவிக்க நினைத்தால் முதலில் அறிவிக்கை வெளியிட்டு ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது உண்மை. பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு ஓடும் ஒரு தாழியும் கிடைத்த பெரும்பாலான நிலங்களில் விவசாயம் பாட்டுக்கு நடக்கிறது.

ஃபேஸ்புக்கில் போடலாமா?

பொருளின் படத்தைப் போடுங்கள், ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள். லொகேஷன் போட்டால் அடுத்த அமாவாசைக்குள் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும்.

மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

வேண்டாம். அது சத்தம் போட்ட இடத்தில் நீங்கள் தோண்டுவீர்கள், உலோகத்தை எடுப்பீர்கள், ஓட்டையும் எலும்பையும் தள்ளிவிடுவீர்கள்.

கோயில் சிலைகளுக்கும் இது பொருந்துமா?

நிறையவே. தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற ஊரில் 1976இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணை வெட்டும்போது ஒரு நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். அங்கே காவல்துறை கைப்பற்றியது. வாங்கிய கனடா நிறுவனம் சிலை தன்னுடையது என்று வழக்குப் போட்டது. 1988இல் லண்டன் உயர் நீதிமன்றம் சிலை இந்தியாவுக்கே என்றது, 1991இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. நடராசர் ஊர் திரும்பினார்.

இந்த நடராசர் பத்தூர் மண்ணுக்குள் இருந்தவர்தான் என்று எப்படிக் காட்டினார்கள்? அதே இடத்தில் பின்னர் தோண்டி எடுத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். சிற்ப அமைதியும் உலோகக் கலவையும் மட்டும் போதவில்லை. சிலைகளில் ஒட்டியிருந்த மண்ணையும், மண்ணுக்குள் கிடந்தபோது கறையான் ஏறிய தடங்களையும்கூட நிபுணர்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். யாரோ ஒருவர் சிலையைப் பளபளவென்று தேய்த்து எடுத்திருந்தால் அந்தக் கறையான்கள் சாட்சிக்கு வந்திருக்காது.

கோயிலுக்குள் இருக்கும் சிலை என்றால் பழைய புகைப்படம்தான் இடக்குறிப்பு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் பெரும் விலை கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய படங்களில் அதே சிலை கோயிலில் நிற்பது தெரிந்தது. 2014இல் திரும்ப வந்தது. உங்கள் ஊர்க் கோயிலில் அனுமதி வாங்கி, ஒவ்வொரு சிலையையும் நேராக ஒரு படம், பீடத்தோடு ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். இந்த மாதமே.

ஒரு குறிப்பை எழுதிக் காட்டுங்களேன்?

இது ஒரு மாதிரி. ஊரும் எண்களும் கற்பனை.

'12-8-2024, திங்கள், காலை 10 மணி. மேலக்காடு கிராமம், ஊர்வழக்கில் சட்டிமேடு. சர்வே எண் 87/2பி. அய்யனார் கோயில் வாசலிலிருந்து வடகிழக்கே 140 தப்படி, வேலியோர ஒற்றைப் பனைக்குத் தெற்கே 9 தப்படி. தென்னங்குழி வெட்டும்போது 2½ அடியில் தாழி விளிம்பு. மேலே ஒன்றரை அடிக்கு உழவு மண், அதன் கீழே செம்மண் சரளை. தாழியை ஒட்டி ஒரு கறுப்பு சிவப்புக் கிண்ணம், கவிழ்ந்த நிலையில், அசைக்கவில்லை. இங்கத்து மண்தான், வெளிமண் அடித்ததில்லை என்று நிலத்துக்காரர் சொன்னார். இதே வரிசையில் போன வருடம் இரண்டு குழிகளிலும் ஓடு வந்ததாம், அவற்றை நான் பார்க்கவில்லை. படங்கள் 6. குழியைச் சாக்குப் போட்டு மூடி, பக்கத்தில் வேறு குழி வெட்டச் சொல்லியிருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் மதியம் கடிதம் கொடுத்தாகிவிட்டது.'

எழுத எட்டு நிமிடம் ஆகும். தப்படி எண்ணும்போது பேச்சுக்கொடுக்காதவராக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.